‘புஸ்’ வருகிறது, தீ வரவில்லை

ஆடி மாதக் காற்றில் வெட்டவெளியில் தீக்குச்சி பற்றவைப்பது லேசான வேலையில்லை. பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் ஊர் எல்லையில் நிற்கும் முனியப்பனுக்கோ கருப்பசாமிக்கோ சுருட்டுப் படைக்கப் போனவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். உரசிய நொடியே குச்சி அணைகிறது. கையைக் குவித்தாலும், துண்டால் மறைத்தாலும் அடுத்த குச்சியும் அணைகிறது. அப்போது கூட்டத்தில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து உலோக டார்ச் லைட்டர் ஒன்றை எடுத்துச் சொடுக்குகிறார். கூர்மையான நீலத் தழல் சீறிக்கொண்டு வருகிறது. அத்தனை காற்றிலும் அது அணையவில்லை. சுருட்டின் நுனி சீராகக் கனல்கிறது.

அதே லைட்டருக்கு ஒரு வாரம் கழித்துப் புதிதாகக் கேஸ் நிரப்புகிறார்கள். சொடுக்கினால் ‘புஸ்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. பத்துத் தடவை சொடுக்கியும் பற்றுவதில்லை. “டூப்ளிகேட் மால்” என்று சொல்லித் தூக்கிப் போடுகிறார்கள்.

பலத்த காற்றில் அணையாத தீ, தொட்டி நிறையக் கேஸ் இருக்கும்போது பற்ற மறுப்பது ஏன்? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அந்தச் சிறிய தொட்டிக்குள் நிலவும் அழுத்தம்தான் அது. அதைப் புரிந்துகொண்டவர்கள் குப்பைக்குப் போகும் டார்ச் லைட்டர்களில் பலவற்றை மீட்டுவிடலாம்.

சன்னலுக்குள் தளும்பும் திரவம்

பல டார்ச் லைட்டர்களின் பக்கவாட்டில் ஒளி ஊடுருவும் சிறு சன்னல் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் உள்ளே தண்ணீர் போல ஒன்று தளும்பும். அதுதான் பியூட்டேன். திறந்த வெளியில் இது மைனஸ் அரை டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். மார்கழி விடியற்காலையில் அரியலூரில் ஒரு கிண்ணத்தில் ஊற்றினாலும் அடுப்பில்லாமலே கொதித்து மறைந்துபோகும்.

மூடிய தொட்டிக்குள் அது திரவமாகவே இருப்பதற்குக் காரணமும் பியூட்டேன்தான். நிரப்பியதும் கொஞ்சம் திரவம் ஆவியாகிறது. ஆவி வெளியேற வழியில்லாததால் உள்ளேயே நெருக்கியடித்து நின்று அழுத்துகிறது. ஓர் அளவை எட்டியதும், புதிதாக ஆவியாகும் ஒவ்வொரு துளிக்கும் ஈடாக ஒரு துளி திரும்பத் திரவமாகிவிடுகிறது. அந்தச் சமநிலையில் ஆவி தரும் அழுத்தத்துக்கு ஆவியழுத்தம் என்று பெயர்.

பலர் தவறாக நினைப்பது இங்கேதான். ஆவியழுத்தம், தொட்டியில் எவ்வளவு திரவம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. முக்கால் தொட்டி இருந்தாலும், அடியில் ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தாலும் தழலைத் தள்ளும் விசை ஒன்றுதான். கடைசிச் சொட்டும் ஆவியான பிறகுதான் அழுத்தம் இறங்கத் தொடங்கும். ஆகவே, சன்னலில் திரவம் தெரியும்போதே தழல் சிறுத்துவிட்டால், “கேஸ் குறைஞ்சிடுச்சு” என்பது காரணமாக இருக்க முடியாது.

ஆவியழுத்தத்தை ஆட்டிவைப்பது வெப்பநிலை. கடல்மட்டத்துக் காற்றின் அழுத்தத்தை 1 என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரியில் பியூட்டேனின் ஆவியழுத்தம் ஏறக்குறைய 2. வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் அதுவே சுமார் 3.7 ஆகிறது. வெளிக்காற்று எதிர்த்து அழுத்தும் 1-ஐக் கழித்தால், தழலை வெளியே தள்ளும் விசை முதல் கணக்கில் 1, இரண்டாவதில் 2.7. லைட்டர் மாறவில்லை, கேஸைக் கூட்டிக் குறைக்க அடியில் உள்ள திருகும் நகரவில்லை. வெயில் மட்டும்தான் ஏறியிருக்கிறது.

இனி அதே லைட்டரை ஊட்டிக்குக் கொண்டுபோகலாம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காலைக் குளிர் 10 டிகிரி என்றால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 1.5. வெளிக்காற்றும் அங்கே மெலிந்து முக்கால் பங்காகிவிடும். மிஞ்சும் விசை ஏறக்குறைய 0.7 மட்டுமே, அரியலூர் மே மாதத்தில் கிடைத்ததில் நான்கில் ஒரு பங்கு. போதாததற்கு, மெலிந்த காற்றில் தழலுக்கு வேண்டிய ஆக்சிஜனும் குறைவு. மலையேறிய டார்ச் லைட்டர்கள் முரண்டு பிடிப்பது இதனால்தான். இரண்டு மூன்று நிமிடம் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துச் சூடேற்றி, திருகைக் கொஞ்சம் திறந்துவிட்டால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும்.

கடைகளில் விற்கும் லைட்டர் கேஸ் தனி பியூட்டேன் அல்ல. ஐசோபியூட்டேனும் கொஞ்சம் புரொப்பேனும் அதில் கலந்திருக்கும். இவை பியூட்டேனைவிட எளிதில் ஆவியாகக்கூடியவை. ஆகவே உண்மையான அழுத்தம் மேலே சொன்ன எண்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

ஆண்டிமடம் தந்த பெயர்

பியூட்டேன் பூமிக்கடியிலிருந்து வருவது. எண்ணெய்க் கிணறுகளின் வாயுவிலிருந்தும் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் அதைப் பிரித்தெடுக்கிறார்கள். இந்த விஷயத்தில் அரியலூர் மாவட்டத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அதை உள்ளூரிலேயே பலர் அறியாதிருப்பது வருத்தமானது.

பெரம்பலூர், அரியலூர் நிலத்தின் ஒரு பெரும் பகுதி, டைனோசர் காலத்தில் கடலாக இருந்தது. காரை, குளக்காநத்தம் ஓடைகளில் இன்றும் கிடைக்கும் கடலுயிர்ப் படிமங்களும், சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடலின் மிச்சம். இங்கே தரைமட்டத்தில் தலைகாட்டும் அதே காலத்துப் படிவுகள் கிழக்கே போகப்போக ஆழத்தில் இறங்கிக் காவிரிப் படுகையின் அடியில் கிடக்கின்றன. நரிமணத்திலும் குத்தாலத்திலும் எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பது அந்தப் படுகையில்தான். உயிர்ப்பொருள் புதைந்து, வெந்து, எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறிய மூலப் பாறைகளில் முக்கியமான ஒன்றுக்குப் புவியியலாளர்கள் சூட்டிய பெயர் ‘ஆண்டிமடம் படிவம்’. அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடமேதான். வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

காற்றை இழுத்துக்கொள்ளும் தழல்

சாதாரண லைட்டரின் மஞ்சள் தழல், எரிபொருள் வெளியே வந்த பிறகுதான் காற்றைத் தேடுகிறது. தழலின் நடுப்பகுதிக்குப் போதிய ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை. அங்கே உருவாகும் நுண்ணிய கரித்துகள்கள் பழுத்து ஒளிர்வதுதான் அந்த மஞ்சள். காற்று வீசினால் எரிபொருளும் ஆக்சிஜனும் சந்திக்கும் இடமே கலைந்துபோகிறது, தீ அணைகிறது.

டார்ச் லைட்டரில் கேஸ், மயிரிழை அளவே உள்ள துளை வழியாகச் சீறி வெளியேறுகிறது. அந்த வேகத்தில் சுற்றிலும் அழுத்தம் குறைய, பக்கத்துச் சிறு ஓட்டைகள் வழியாகக் காற்று தானாக உள்ளே இழுபடுகிறது. இரண்டும் குழலுக்குள்ளேயே கலந்து, பிறகு வாய்ப்பகுதியில் எரிகின்றன. இதைக் கலந்தெரி தழல் எனலாம். ஜெர்மானிய வேதியியலாளர் ராபர்ட் புன்சனின் பெயரால் பள்ளி ஆய்வகங்களில் 1850களிலிருந்து எரியும் பர்னரும், வீட்டுக் கேஸ் அடுப்பும் இதே முறையில் வேலை செய்பவைதான். கரித்துகள் இல்லாததால் நிறம் நீலம். தழலின் சொந்த வேகமே அதிகம் என்பதால் வெளிக்காற்றால் எளிதில் அதைக் கலைக்க முடிவதில்லை.

சுருட்டுக்கு இது பொருந்துவதற்கு வேறு காரணங்களும் உண்டு. தடித்த சுருட்டின் நுனி முழுவதும் ஒரே சீராகக் கனல வேண்டும். தீக்குச்சி மருந்தின் கந்தகவாடையும் பெட்ரோல் லைட்டரின் நெடியும் புகையிலையில் ஏறிக்கொள்ளும், பியூட்டேனில் அந்தத் தொல்லை இல்லை. புகையிலை வாசத்தில் இப்படிக் கறார் காட்டுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. பெரம்பலூரும் அரியலூரும் சேர்ந்திருந்த பழைய திருச்சி மாவட்டத்தின் பெயரைச் சுமந்த சுருட்டு லண்டன் வரை போனது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலையாளி பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சாம்பலை வைத்தே ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார்.

கலந்தெரி தழலுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. காற்றில் பியூட்டேனின் பங்கு சுமார் 1.8 சதவீதத்துக்குக் குறைந்தாலும் எரியாது, 8.4 சதவீதத்தைத் தாண்டினாலும் எரியாது. மஞ்சள் தழலுக்கு இதில் கவலையில்லை, அதன் விளிம்பில் எங்காவது சரியான கலவை அமைந்துவிடும். டார்ச் லைட்டருக்கு அந்தக் கலவை, பொறி விழும் அந்த ஓரிடத்திலேயே அமைந்தாக வேண்டும்.

பேட்டரி இல்லாத பொறி

பொறி எங்கிருந்து வருகிறது? அடுப்படியில் ‘டிக் டிக்’ என்று அழுத்தும் கேஸ் அடுப்பு லைட்டரை அறியாத வீடு குறைவு. அதே இயந்திரம்தான் இங்கும், அளவில் சிறியது. பொத்தானை அழுத்தும்போது ஒரு ஸ்பிரிங் இறுகி, ஓர் எல்லையில் பட்டென்று விடுபட, குட்டிச் சுத்தியல் ஒரு பீங்கான் துண்டின் மேல் மோதுகிறது. அந்த அடியில் பீங்கானின் இரு முனைகளுக்கிடையே பல ஆயிரம் வோல்ட் எழுகிறது. அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் இந்தக் குணம் அழுத்தமின் விளைவு எனப்படும்.

1880-இல் பியர், ழாக் கியூரி என்ற பிரெஞ்சு அண்ணன் தம்பி இதைக் கண்டறிந்தார்கள். குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற கற்களோடு அவர்கள் சோதித்துக் காட்டிய படிகங்களில் கரும்புச் சர்க்கரையும் ஒன்று. பெரம்பலூர் மாவட்டம் எறையூர் ஆலையில் மூட்டை மூட்டையாக வெளிவரும் சர்க்கரையின் ஒவ்வொரு படிகத்துக்கும் இந்தக் குணம் உண்டு. லைட்டரில் இருப்பது இன்னும் வலுவானது. ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் கலந்து சுட்ட செயற்கைப் பீங்கான் அது.

சக்கரம் உரசும் பழைய லைட்டர்களில் பொறி தரும் ‘லைட்டர் கல்’ வேறு வகை. அது சீரியமும் இரும்பும் சேர்ந்த உலோகக் கலவை. ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் 1903-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சீரியம் கிடைப்பது மோனசைட் மணலில். 1909-இல் அந்த மணல் கன்னியாகுமரிக் கரையின் மணவாளக்குறிச்சியில் கண்டுபிடிக்கப்பட்டு, உலகச் சந்தைக்குப் போனது.

மே மாதத்து லைட்டர்

இப்போது புதிருக்கு வரலாம். மே மாதப் பிற்பகல், அரியலூர், வெயில் 40 டிகிரி. நேற்று நிரப்பிய டார்ச் லைட்டர். ‘புஸ்’ வருகிறது, தீ வரவில்லை. கோளாறு எங்கே?

முதலில் பொறியைப் பார்க்க வேண்டும். இருட்டான மூலையில் தழல் வரும் துவாரத்தைப் பக்கவாட்டில் பார்த்தபடி சொடுக்கினால், சிறு கம்பி முனைக்கும் துவாரத்துக்கும் இடையே ஊதாநிறப் பொறி தாவ வேண்டும். முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது. பொறி இல்லையென்றால் சட்டைப்பை நூலிழை சிக்கியிருக்கலாம், கம்பி வளைந்திருக்கலாம், அல்லது ஐப்பசி மழையின் ஈரத்தில் மின்சாரம் வேறு வழியாகக் கசிந்திருக்கலாம். உலர்ந்த தூரிகையால் துடைத்துக் காயவிட்டால் போதும். நம் உதாரணத்தில் பொறி நன்றாகவே விழுகிறது.

அடுத்தது சத்தம். ‘புஸ்’ பலமாக, நீளமாகக் கேட்கிறது. அடியில் உள்ள திருகைப் பார்த்தால், குளிர்காலத்தில் யாரோ + பக்கம் முழுக்கத் திருப்பிவைத்தது அப்படியே இருக்கிறது. ஜனவரியில் அது சரியாக இருந்திருக்கும். இப்போது தள்ளுவிசை இரண்டு மடங்குக்கும் மேல். பொறி விழும் இடத்தில் கேஸ் தேவைக்கு மிஞ்சி, 8.4 சதவீத எல்லையைத் தாண்டிவிடுகிறது. அப்படியே பற்றினாலும், கலவை வெளியேறும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தழல் வாயைவிட்டு எழும்பி அணைகிறது. ஆக, கேஸ் கூடிப்போனதால் தீப் பிடிக்கவில்லை. பற்றாத லைட்டரின் திருகை இன்னும் கூட்டிவைப்பது எல்லாரும் செய்வது, செய்யவே கூடாதது. திருகை − பக்கம் இறக்கியதும் தழல் வருகிறது. வந்து, இரண்டு முறை படபடத்து, அணைகிறது.

பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதி, தொட்டிக்குள் சிக்கிய காற்று.

பழைய வாயுவை வெளியேற்றாமல் நிரப்பும்போது உள்ளே இருந்த காற்று தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. பியூட்டேன் ஆவியை நெருக்கினால் திரவமாகி இடம் விட்டுக்கொடுக்கும். காற்று அப்படி அல்ல, எவ்வளவு நெருக்கினாலும் வாயுவாகவே நின்று எதிர்த்து அழுத்தும். கேனின் அழுத்தமும் உள்ளழுத்தமும் சமமானதும் நிரம்புவது நின்றுவிடுகிறது. மேலே கேஸ் பீய்ச்சியடிக்க, “ஃபுல் ஆயிடுச்சு” என்று நிரப்புகிறவர் நிறுத்திவிடுகிறார். உள்ளே பாதி காற்று. சொடுக்கும்போது அந்தக் காற்றும் கேஸோடு கலந்து ஒழுங்கில்லாமல் வெளியேற, கலவை நொடிக்கு நொடி மாறுகிறது. படபடப்புக்குக் காரணம் அதுதான்.

செய்ய வேண்டியது இது. திருகைக் கடைசிவரை − பக்கம் வைத்து, லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் உள்ள நிரப்பும் வால்வைச் சிறிய ஸ்க்ரூடிரைவரால் அழுத்த வேண்டும். சீறல் நிற்கும்வரை விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி அழுத்தினால் மிச்சமும் வெளியேறும். ஆவியாகும் பியூட்டேன் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் விரல் சில்லிடும், சில சமயம் வால்வின் மேல் வெண்பனி படரும்.

பிறகு காலி லைட்டரை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வைப்பது, வெயில் ஊர்க்காரர்களுக்குக் கைகொடுக்கும் உத்தி. கேனும் லைட்டரும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டிலும் ஒரே அழுத்தம், திரவத்தைத் தள்ள விசை இருக்காது. லைட்டர் குளிர்ந்திருந்தால் அதற்குள் அழுத்தம் தாழ்ந்து, அறைச்சூட்டில் உள்ள கேனிலிருந்து கேஸ் தானாக இறங்கும். கேனை வெந்நீரில் வைப்பதும் வெயிலில் காயவைப்பதும் அபாயம். குளிரவைக்க வேண்டியது லைட்டரை மட்டும்.

நிரப்பும்போது லைட்டர் தலைகீழாக, கேன் அதன் மேல் செங்குத்தாகக் கவிழ்ந்து இருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் திரவத்துக்குப் பதில் ஆவிதான் இறங்கும். வால்வின் வாய்க்குப் பொருந்தும் பிளாஸ்டிக் அடாப்டர்கள் சில கேன்களின் மூடியிலேயே இருக்கும். நாலைந்து விநாடி அழுத்தமாகப் பிடித்து எடுத்தால் போதும். ‘பொசுக் பொசுக்’ என்று குத்திக் குத்தி எடுத்தால் ஒவ்வொரு குத்திலும் கேஸ் வீணாகும். முக்கியமாக, நிரப்பிய உடனே சொடுக்கக் கூடாது. உள்ளே சில்லிட்ட திரவம் அறைச்சூட்டுக்கு வரவும், வெளியே சிந்திய கேஸ் கலையவும் பத்து நிமிடம் வேண்டும்.

பத்து நிமிடம் கழித்து, திருகை மூன்றில் ஒரு பங்கு திறந்து சொடுக்கினால், நீலத் தழல் ஒரே சீராக நிற்கிறது.

சிந்திய கேஸைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒரு மில்லிலிட்டர் திரவ பியூட்டேன் ஆவியானால் சுமார் 240 மில்லிலிட்டர் வாயு. எரியக்கூடிய கீழெல்லை 1.8 சதவீதம் என்பதால், அது ஒரு குடம் அளவுக் காற்றைத் தீப்பிடிக்கும் கலவையாக மாற்றப் போதுமானது. பியூட்டேன் காற்றைப்போல இரண்டு மடங்கு கனம், தரையோடு தரையாகத் தவழும். நிரப்புவதைச் சாமி விளக்கும் அடுப்பும் இல்லாத திறந்த இடத்தில் வைத்துக்கொள்வதே சரி.

துளையும் தூசியும்

பொறி வருகிறது, சன்னலில் திரவம் தெரிகிறது, ஆனால் ‘புஸ்’ சத்தமே இல்லை என்றால் துளை அடைத்திருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைகளில் இரண்டு சக்கர வண்டியில் போய்வருபவரின் சட்டைப்பைக்குள் வெண்தூசி எப்படிப் போய்ச் சேர்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு காரணம் மட்டமான கேஸ். அதில் கலந்திருக்கும் கனமான எண்ணெய்க் கசடு ஆவியாகாமல் துளையில் படிகிறது. மூடி திறந்த நிலையில், கைபேசி பழுதுபார்க்கும் கடைகளில் இருக்கும் ரப்பர் புளோயரால் பலமாக ஊதினால் தூசி போய்விடும். குண்டூசி விடுவதைக் கைவிட வேண்டும். துளை துளியளவு அகன்றாலும் கலவையின் விகிதம் கெட்டுவிடும், அதன் பிறகு எந்தத் திருகலும் உதவாது.

நிரப்பிய மறுநாளே காலியாகிறதா? வீட்டு சிலிண்டரின் கசிவைப் பார்ப்பதுபோலவே வால்வில் சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். குமிழி வந்தால் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறது. அந்த லைட்டரைப் புது வளையம் போடும்வரை பையில் வைக்கக் கூடாது.

சிலிண்டரும் போகியும்

“வீட்டு சிலிண்டரிலிருந்து நிரப்பினால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. சமையல் கேஸில் புரொப்பேன் கணிசமாக இருக்கும். 40 டிகிரியில் பியூட்டேனின் அழுத்தம் சுமார் 3.7 என்றால், தனிப் புரொப்பேனுக்கு அது 13-ஐத் தாண்டும். லைட்டரின் தொட்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கசிவை உணர்த்தச் சேர்க்கும் மெர்காப்டனின் நாற்றம் வேறு. சிலிண்டரிலிருந்து இப்படி மாற்றுவது சட்டப்படியும் குற்றம்.

வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையும் ஸ்கூட்டரின் டிக்கியும் லைட்டருக்கு ஏற்ற இடமல்ல. 60 டிகிரியில் உள்ளழுத்தம் 6-ஐத் தாண்டுகிறது. ஐஎஸ்ஓ 9994 என்ற உலகத் தரநிலை, லைட்டரை 65 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. அது புதிய, கேடில்லாத லைட்டருக்கான சோதனை. ரப்பர் காய்ந்த பழைய லைட்டரிடம் அதே தாங்குதிறனை எதிர்பார்க்க முடியாது.

மலிவான ஒருமுறை லைட்டர்களுக்கு இந்தப் பராமரிப்பு எதுவுமே பொருந்தாது, அவை தூக்கியெறிவதற்கென்றே செய்யப்பட்டவை. அந்த வகை லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டிகளின் விற்பனையைப் பறிக்கிறது என்று கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி தீப்பெட்டித் தொழிலுக்காக 2022-இல் தமிழ்நாட்டு முதல்வர் மத்திய அரசுக்கு எழுதினார். 2023 ஜூன் இறுதியில், 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. பல ஆண்டு நிரப்பி நிரப்பிப் பயன்படுத்தக்கூடிய லைட்டருக்குத் தீப்பெட்டித் தொழிலாளரோடு அவ்வளவு பகையில்லை, குப்பையும் குறைவு.

எத்தனை பார்த்தும் உயிர்வராத லைட்டர்களும் உண்டு. பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம், துளை அகன்றிருக்கலாம். அவற்றைப் போகியன்று பழைய பாயோடும் துணியோடும் சேர்த்துத் தீயில் போட்டுவிடக் கூடாது. காலி என்று நினைத்த தொட்டியில் அரை மில்லிலிட்டர் திரவம் மிஞ்சியிருந்தாலே, நெருப்பில் அது வெடித்து உலோகச் சில்லுகளைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள்மேல் எறியும். திறந்த வெளியில் வால்வை அழுத்தி முழுக்கக் காலிசெய்து, ஒரு நாள் அப்படியே விட்டு, மறுபடியும் ஒருமுறை அழுத்திப் பார்த்த பிறகு பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கலாம்.